பூஞ்சை கற்பித்த இரசாயனம்

மழைக்காலத்தில் அலமாரியில் மறந்து வைத்துவிட்ட ரொட்டித் துண்டை நான்கு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், அதன்மேல் பஞ்சு போன்ற ஒன்று படர்ந்திருக்கக் காண்கிறோம். சில நாளில் அப்பஞ்சின்மீது கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. ஊறுகாய்ச் சாடியின் வாயிலும், ஈரமான தோற்செருப்பிலும் இதன் உறவினங்கள் படர்வதுண்டு. பூசணம் பூத்துவிட்டது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். ஆயினும், ரொட்டியில் படரும் இந்தக் கரும்பூசணமே, பொன்னைவிடப் பன்மடங்கு விலை பெற்றிருந்த ஒரு மருந்து மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமாயிற்று என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

தாவரங்கள் தரும் பொருள்களைப் பூஞ்சைகளைக் கொண்டு வேறு பொருள்களாக மாற்றும் கலை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, இன்று எவ்வாறு நிலத்தைவிட்டுக் கடலை நாடிச் சென்றிருக்கிறது என்னும் வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வரலாறு புளிப்பில் தொடங்குகிறது. நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம் என்னும் பொருள். திராட்சை மது ஊறும் பீப்பாய்களின் உட்புறத்தில் உப்பாகப் படிவதும் இதுவே. 1848-ஆம் ஆண்டில், லூயி பாஸ்டர் என்னும் இருபத்தைந்து வயது பிரெஞ்சு இளைஞர் இவ்வமிலத்தின் ஒரு விசித்திரமான வகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் உப்பைப் படிகமாக்கிப் பூதக்கண்ணாடியால் நோக்கியபோது, படிகங்கள் இரண்டு வகையாக இருப்பதைக் கண்டார். வலக்கையும் இடக்கையும் எவ்வாறு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கின்றனவோ, அவ்வாறே அவையும் இருந்தன. பாஸ்டர் பொறுமையுடன் அமர்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியல்களாகப் பிரித்தார்.

சுமார் பத்தாண்டுகளுக்குப் பிறகு, அவர் இடுக்கியால் செய்த அதே வேலையை வேறொருவர் செய்வதைக் கண்டார். அவ்வேலையாள் ஒரு பச்சைப் பூஞ்சை. வலமும் இடமும் கலந்த அமிலக் கரைசலில் அதை வளரவிட்டபோது, அது வலப்பக்க வகையை உண்டு, இடப்பக்க வகையை விட்டுவைத்தது. இரண்டிலும் ஒரே அணுக்கள்தாம். அவற்றின் எண்ணிக்கையிலும் வேற்றுமை இல்லை. சாதாரணமான அமிலங்களும் காரங்களும் அவ்விரண்டையும் ஒன்றுபோலவே நடத்தும். பூஞ்சையோ அவற்றைப் பிரித்தறிந்தது! இடக்கை உறையில் வலக்கையை நுழைக்க முடியாததுபோல, பூஞ்சையின் உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று, தனக்குப் பொருந்திய வடிவத்தை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது என்பது புலப்பட்டது. அந்த 'ஏதோ ஒன்றை' இன்று நாம் நொதி என்கிறோம். பூட்டும் திறவுகோலும் போல நொதியும் அதற்குரிய பொருளும் பொருந்துகின்றன என்று 1894-இல் எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மன் அறிஞர் விளக்கினார்.

பாஸ்டரின் கண்டுபிடிப்பு நெடுங்காலம் விஞ்ஞான நூல்களில் ஒரு சுவையான செய்தியாகவே இருந்துவந்தது. அது மனிதனின் துன்பத்தைத் துடைக்கும் கருவியாவதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுகளை முடக்கிவிடும் வாதநோயால் படுக்கையிலேயே கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஒரு புதிய மருந்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். அம்மருந்தின் பெயர் கார்ட்டிசோன். நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல அமைந்துள்ள சுரப்பிகளில் ஊறும் பொருள் அது. அதனை ஆராய்ந்த கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீண்ட நாள் கொடுத்தால் இம்மருந்தால் தீங்குகளும் விளையும் என்பது விரைவிலேயே தெரியவந்தது. எனினும், தகுந்த அளவில், தகுந்த நோய்க்கு, அதுவும் அதன் வழிவந்த மருந்துகளும் இன்றும் உயிர்காப்பனவாக இருக்கின்றன.

மருந்து கிடைத்தது, ஆனால், வாங்கக்கூடிய விலையில் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு கிராம் சுமார் 200 டாலர். இவ்வளவு விலை ஏன்? அதை அறிய அப்பொருளின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும்.

கார்ட்டிசோன் ஸ்டீராய்டு என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துப் பொருள்கள் அனைத்திலும் கார்பன் அணுக்கள் நான்கு வளையங்களாகப் பிணைந்திருக்கின்றன. ஒரு தெருவிலுள்ள வீடுகளுக்கு எண்ணிடுவதுபோல, இந்த அணுக்களுக்கு விஞ்ஞானிகள் எண்ணிட்டிருக்கிறார்கள். கார்ட்டிசோனில் பதினோராம் எண் கார்பனில் ஓர் ஆக்ஸிஜன் அணு இணைந்திருக்கிறது. அந்த ஓர் அணு இல்லாவிட்டால் அதன் மருத்துவக் குணம் போய்விடும். எளிதில் கிடைக்கும் ஸ்டீராய்டுகளில் பதினோராம் இடம் வெறுமையாக இருந்தது. மாட்டின் பித்தநீரிலிருந்து எடுக்கும் ஓர் அமிலத்தில் மட்டும் பன்னிரண்டாம் இடத்தில் ஆக்ஸிஜன் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிக் குடியமர்த்தவே இரசாயன அறிஞர்கள் பெரும்பாடு பட்டார்கள். மெர்க் நிறுவனத்தில் லூயிஸ் சாரெட் வகுத்த முறையில் முப்பதுக்கு மேற்பட்ட படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் சரக்கில் ஒரு பகுதி வீணாகும். எனவே, வண்டி வண்டியாகப் பித்தநீரைக் கொண்டுவந்து தொடங்கினாலும், முடிவில் கைக்கு வருவது சிட்டிகை அளவே.

அதே காலத்தில் வேறொரு வழியாக ஒருவர் முயன்றுகொண்டிருந்தார். ரஸ்ஸல் மார்க்கர் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர், சில செடிகளின் கிழங்குகளில் டயாஸ்ஜெனின் என்னும் பொருள் இருப்பதை அறிந்திருந்தார். நம் சமையலறை வெந்தயத்திலும் இப்பொருள் சிறிதளவு உண்டு. இதைச் சில படிகளிலேயே புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனாக மாற்றலாம் என்று அவர் காட்டினார். ஆனால், கிழங்கு ஏராளமாக வேண்டுமே! 1942-இல் அவர் மெக்சிகோ நாட்டுக்குச் சென்றார். வெராக்ரூஸ் மாநிலத்துக் காடுகளில் 'கறுப்பன் தலை' என்று பொருள்படும் பெயரால் மக்கள் அழைத்துவந்த ஒரு காட்டுவள்ளிக் கிழங்கை, அவ்வூர்க் கடைக்காரர் ஒருவரின் துணையால் பெற்றார். ஒரு கிராம் சுமார் 80 டாலர் விற்றுக்கொண்டிருந்த புரோஜெஸ்டிரோனை அவர் கிலோகிராம் கணக்கில் தயாரித்துக் காட்டினார். 1944-இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. பின்னர், இன்னும் மிகுதியான டயாஸ்ஜெனின் தரும் 'பார்பாஸ்கோ' என்னும் மற்றொரு காட்டுவள்ளி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆக, மலிவான ஸ்டீராய்டு கிடைத்துவிட்டது. ஆனால், புரோஜெஸ்டிரோனிலும் பதினோராம் இடம் வெறுமையே. அங்கே ஓர் ஆக்ஸிஜன் அணுவை வைப்பது எப்படி? வளையங்களின் நடுவே, பிடிப்பதற்கு ஒரு கைப்பிடிகூட இல்லாத இடம் அது. வலிமையான இரசாயனப் பொருளைக் கொண்டு தாக்கினால், அது வேண்டிய இடத்தை விட்டுவிட்டு எளிதில் எட்டும் வேறு இடங்களைச் சிதைத்துவிடும்.

விடை மிச்சிகன் மாநிலத்தில் கலமஸூ என்னும் ஊரிலிருந்து வந்தது. அங்கே அப்ஜான் நிறுவனத்தில் பணியாற்றிய டியூரி பீட்டர்சன், ஹெர்பர்ட் மரே ஆகிய இருவரும், நுண்ணுயிர்களுக்கு இவ்வேலை தெரிந்திருக்கலாம் என்று எண்ணினார்கள். சத்துப்பொருள் இட்ட ஒரு கண்ணாடித் தட்டை ஆய்வுக்கூடத்துச் சன்னலோரம் திறந்து வைத்து, காற்றில் வந்து விழுந்ததைப் பிடித்து வளர்த்தார்கள் என்று சொல்வதுண்டு. அவ்வாறு வந்து சேர்ந்தது ரைசோபஸ் இனத்துப் பூஞ்சை. அது வளர்ந்த நீரில் புரோஜெஸ்டிரோனை இட்டபோது, பதினோராம் இடத்திலேயே ஆக்ஸிஜன் சேர்ந்திருக்கக் கண்டார்கள். அந்த இனத்திலேயே மற்றொன்றை, அதாவது நாம் தொடக்கத்தில் கண்ட ரொட்டிப் பூசணத்தை, பயன்படுத்தியபோது இன்னும் நன்றாக நடந்தது. இட்ட பொருளில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் மாறிற்று. 1952-இல் இச்செய்தி வெளியாயிற்று. மனிதன் பல படிகளில், கடும் அமிலங்களையும் அருமையான உலோகங்களையும் கொண்டு, அரும்பாடுபட்டுச் செய்ததைப் பூஞ்சை ஒரே படியில், வெறும் நீரில், காற்றைக் கொண்டே செய்து முடித்தது. கார்ட்டிசோனின் விலை சில ஆண்டுகளில் ஒரு கிராமுக்கு 200 டாலரிலிருந்து சுமார் 6 டாலருக்கு இறங்கியது.

பூஞ்சை ஏன் இவ்வேலையைச் செய்கிறது? நமக்கு மருந்து செய்து தரவேண்டும் என்பதற்காக அன்று. ஸ்டீராய்டு போன்ற பொருள்கள் அதற்கு நஞ்சு. எண்ணெயில் கரைந்து நீரில் கரையாத அப்பொருள்கள், அதன் உயிரணுக்களின் மென்தோலில் புகுந்து தங்கிவிடும். அவற்றில் ஓர் ஆக்ஸிஜனை ஏற்றிவிட்டால் நீரில் கரையும் தன்மை மிகும், வெளியே தள்ளிவிடலாம். நம் கல்லீரலும் நாம் உண்ணும் மருந்துகளை இவ்வாறே மாற்றி வெளியேற்றுகிறது. இரண்டிடத்திலும் வேலை செய்பவை பி-450 என்னும் ஒரே குடும்பத்து நொதிகள். அவற்றின் நடுவே ஓர் இரும்பணு இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு, நொதியின் பள்ளத்தில் வந்து பொருந்தும் மூலக்கூற்றின் குறித்த ஓர் இடத்தில் அதைப் பதிக்கிறது. எந்த இடம் என்பதை அப்பள்ளத்தின் வடிவம் முடிவு செய்கிறது. பாஸ்டர் கண்ட அதே உண்மை, நூறு ஆண்டு கழித்து மருந்தாக வந்தது.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மருந்தின் வேர் மெக்சிகோவின் காட்டில் இருந்தது. அவ்வேரைத் தோண்டியவர்கள் ஏழைக் குடியானவர்கள். கிழங்கைத் தோண்டி, சுமந்து வந்து, நறுக்கி, புளிக்கவைத்து, உலர்த்திக் கொடுத்த அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். தாங்கள் தோண்டுவது எதற்குப் பயன்படுகிறது என்பதும் அவர்களிற் பலருக்குத் தெரியாது. 1975-இல் மெக்சிகோ அரசு புரோகிவேமெக்ஸ் என்னும் அரசு நிறுவனத்தை அமைத்து, கிழங்கு வாணிகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு விலையை உயர்த்த முயன்றது. ஆனால், காலம் கடந்துவிட்டது. அதற்குள், சோயா மொச்சை போன்றவற்றின் எண்ணெயில் கழிவாகக் கிடைக்கும் ஸ்டீராய்டுகளையே வேண்டியவாறு வெட்டித் தரும் பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நிறுவனங்கள் அப்பக்கம் திரும்பின. காட்டுக் கிழங்குக்குக் கிராக்கி குறைந்தது. ஒரு நுண்ணுயிர் நோயாளிக்கு மருந்தை மலிவாக்கியது. மற்றொரு நுண்ணுயிர் கிழங்கு தோண்டியவரின் பிழைப்பைப் போக்கியது. விஞ்ஞானம் கொடுப்பதையும் எடுப்பதையும் ஒருசேரக் கணக்கிட வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இதுவரை நாம் கண்ட பூஞ்சைகள் நிலத்திலும் காற்றிலும் உள்ளவை. கடலில் பூஞ்சை உண்டா என்ற கேள்வியையே விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஊன்றிக் கேட்கவில்லை. உப்பிட்ட பண்டத்தில் பூசணம் எளிதில் பற்றாது என்பது நம் பாட்டிமார் அறிந்தது. ஆகவே உப்புக்கடலில் அதற்கு என்ன வேலை என்று இருந்துவிட்டார்கள் போலும். 1944-இல் பார்கூர்ன், லிண்டர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கடல்நீரில் மூழ்கிய மரக்கட்டைகளில் பூஞ்சைகள் தாமாகவே வளர்ந்து இனம்பெருக்குவதை எடுத்துக்காட்டினார்கள். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கடற்பூஞ்சை இனங்கள் அறியப்பட்டுள்ளன. கரையொதுங்கும் கட்டைகள், கடற்புற்கள், கடற்பாசிகள், கடற்பஞ்சுகள், பிச்சாவரத்தில் உள்ளவை போன்ற சுரபுன்னைக் காடுகளின் வேர்கள் ஆகியவை அவற்றின் இருப்பிடங்கள்.

கடலோரத்துப் பூஞ்சை ஒன்று மருத்துவத்தில் இடம்பெற்ற கதை பலரும் அறியத்தக்கது. இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியாத் தீவில் காலியாரி என்னும் துறைமுகம் இருக்கிறது. 1945-இல், அங்கே கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தை ஜுசெப்பே புரோட்சு என்னும் மருத்துவப் பேராசிரியர் ஆராய்ந்தார். அந்த நீரில் நோய்க்கிருமிகளை அழிக்கும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்று அவர் ஊகித்தார். அங்கிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். பின்னர் அது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தது. அங்கே ஆபிரகாம், நியூட்டன் ஆகிய இருவரும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் என்னும் மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று மருத்துவமனைகளில் பெரிதும் வழங்கும் ஒரு மருந்துக் குடும்பம் அதிலிருந்து பிறந்தது. கழிவுநீரோடு நிலத்திலிருந்து வந்த பூஞ்சையா, கடலுக்கே உரிய பூஞ்சையா என்று பிரித்துச் சொல்வது இத்தகைய இடங்களில் எளிதன்று. கரையோரம் என்பது இரண்டு உலகங்களும் கலக்கும் எல்லை.

இனி, நம் பொருளுக்கு வருவோம். நிலத்துப் பூஞ்சை தாவரப் பொருளை மாற்றித் தருமானால், கடற்பூஞ்சை என்ன செய்யும்? கடற்பூஞ்சை வாழும் சூழ்நிலை வேறு. உப்பு மிகுந்த நீரிலும் அதன் நொதிகள் தம் வேலையைச் செய்தாக வேண்டும். சுரபுன்னை மரத்தின் துவர்ப்புப் பொருள்களையும், கடற்பஞ்சுகள் பகைவரை விரட்டச் சுரக்கும் காரமான பொருள்களையும் தாங்கி அது வாழவேண்டும். ஆகவே, அதன் பூட்டுகள் நிலத்துப் பூட்டுகளினின்று வேறுபட்டிருக்கலாம்; நாம் இதுவரை காணாத திறவுகோல்களையும் அவை ஏற்றுக்கொள்ளலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் எதிர்பார்ப்பு.

இந்த நூற்றாண்டில் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ மாநிலத்தில் நடைபெற்றுவரும் ஆராய்ச்சிகளை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அங்கே கடற்பஞ்சுகளிலிருந்தும் பிற கடல் உயிர்களிலிருந்தும் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். செய்முறை எளியது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கிறார்கள். அதில் முளைகட்டிய தானியச் சாற்றை இட்டுப் பூஞ்சையை வளர்க்கிறார்கள். நன்கு வளர்ந்தபின், மாற்றவேண்டிய பொருளைச் சிறிது இட்டு, மிதமான வெப்பத்தில் சில நாட்கள் குடுவையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு, நீரில் கலவாத ஒரு திரவத்தால் பொருளைப் பிரித்தெடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அவ்வாறு ஆராய்ந்த பொருள்களுள் சால்கோன் என்னும் வகையும் ஒன்று. பூக்களுக்கும் கனிகளுக்கும் நிறம் தரும் பல பொருள்களைத் தாவரங்கள் சால்கோனிலிருந்தே ஆக்கிக்கொள்கின்றன. சால்கோனின் நடுவே இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்டிருக்கின்றன. அடுத்தாற்போலவே, கார்பனும் ஆக்ஸிஜனும் இணைந்த மற்றோர் இரட்டைப் பிணைப்பு உள்ளது. கடற்பூஞ்சை முதற்பிணைப்பில் மட்டும் ஹைட்ரஜனை ஏற்றி, அடுத்ததைத் தொடாமல் விட்டது. இது சிறிய மாற்றந்தானே என்று எண்ணிவிடக் கூடாது. 1963-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கசப்பு ஆரஞ்சுத் தோலிலுள்ள ஒரு பொருளைச் சால்கோன் வடிவுக்குக் கொணர்ந்து, இரசாயன முறையில் இவ்வாறே ஹைட்ரஜன் ஏற்றினார்கள். சர்க்கரையைப் போலப் பன்மடங்கு இனிக்கும் பொருள் கிடைத்தது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இருப்பதும் இல்லாததும் சுவையையே மாற்றிவிடுகின்றன.

ஆயினும், ஆர்வத்தால் அளவு மீறிப் பேசிவிடக் கூடாது. கடற்பூஞ்சைகளைக் கொண்டு செய்யப்படும் இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடக் குடுவையின் அளவிலேயே நிற்கின்றன. பூஞ்சை மெதுவாக வளர்கிறது. கிடைக்கும் பொருள் மில்லிகிராம் கணக்கு. உப்புநீர் ஆலைகளின் இரும்புக் கலங்களை அரிக்கிறது. சில வேளைகளில் பூஞ்சை, தந்த பொருளை மாற்றித் தராமல் முழுவதும் தின்று தீர்த்துவிடுகிறது! ரொட்டிப் பூசணம் கார்ட்டிசோனுக்குச் செய்த உதவியைப் போன்றதொன்றைக் கடற்பூஞ்சையும் செய்யுமா என்பது இனி உழைப்பவர் கையில் இருக்கிறது.

மாணவர்கள் இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளைக் கருத வேண்டுகிறேன். முதலாவது, இதில் வரும் ஒவ்வொருவரும் மற்றவர் அருவருத்து ஒதுக்கியதையோ பொருட்படுத்தாமல் விட்டதையோ கூர்ந்து நோக்கியவர்கள். பாஸ்டர் கெட்டுப்போன கரைசலைக் கொட்டிவிடவில்லை. பீட்டர்சனும் மரேயும் காற்றில் வந்த பூஞ்சையை அழுக்கு என்று துடைத்துவிடவில்லை. புரோட்சு கழிவுநீர் கலக்கும் இடத்துக்குச் செல்லத் தயங்கவில்லை. நுண்ணோக்கியின் அடியில் ஒரு சுரபுன்னை வேரின் துணுக்கை வைத்துப் பார்ப்பதற்கு நம் கடற்கரைக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

இரண்டாவது, மெக்சிகோக் குடியானவரின் கதை. உயிரினச் செல்வத்திலிருந்து கிடைக்கும் பயனை அதனைத் தந்த நாட்டோடும் மக்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2010-இல் ஜப்பானின் நகோயா நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எந்த நாட்டுக்கும் உரித்தாகாத ஆழ்கடலின் உயிர்ச்செல்வத்துக்கும் அதுபோன்ற நெறிகளை வகுக்கும் உடன்படிக்கை 2023-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. காட்டுக்கிழங்கின் காலத்தில் இத்தகைய நெறிகள் இல்லை. அடுத்த அரும்பொருள் ஏதேனும் ஒரு கடற்கரையின் சேற்றிலிருந்து வரக்கூடும். அப்போது அக்கரையில் வலைவீசி வாழும் மக்களுக்கு அதில் உரிய பங்கு கிடைக்கவேண்டும். அதற்கு முன், அக்கரையின் சுரபுன்னைக் காடு வெட்டப்படாமல் நின்றிருக்கவும் வேண்டும்.